வெயிலில் நிற்கும் கார்கள்: பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் கண்காட்சிகளையும் அணிவகுப்புகளையும் நடத்துகிற மன்றங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் த்ரீ இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. இதன் மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவோடுதான் வந்தது. அதற்கு நான்கு கதவு வைத்து 1968-ல் மார்க் த்ரீ என்று இறக்கியவர்கள் நம் மெட்ராஸ்காரர்கள். உங்கள் அழைப்பு வரும்போதெல்லாம் அந்த வண்டியைத் தயார் செய்து கொண்டுவந்து நிறுத்துகிறேன். இனியும் கொண்டுவர ஆசை இருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும் உரிமையாளர்கள் கூடினால் ஒரே புலம்பல். காரைத் தொட்டார்கள், சாய்ந்தார்கள், குழந்தையைப் பானெட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், மட்கார்டு மேல் டீ கப்பை வைத்தார்கள், விலை கேட்டார்கள், மைலேஜ் கேட்டார்கள். பேச்சு கடைசியில் "நம்ம ஜனங்களுக்கு ஒரு பொருளோட அருமை தெரியாது" என்று போய் நிற்கும். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எரிச்சல்கள் உண்மையானவை. ஆனால் அவற்றில் முக்கால்வாசி, கண்காட்சி நடத்தப்படும் விதத்தால் வருபவை. பார்க்க வருகிறவர்களைக் குறை சொல்வதை விட்டு ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள் என்று கேட்பதற்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அதைச் செய்யும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

முதலில் தொடுவதைப் பற்றி. கார்மேல் கை வைத்தால் உரிமையாளர் ஏன் பதறுகிறார் என்பது, பார்க்க வந்தவருக்கு உண்மையிலேயே புரிவதில்லை. தன் வீட்டுக் காரை அவர் தினமும் தொடுகிறார், சாய்கிறார், அதற்கு ஒன்றும் ஆவதில்லை. பழைய கார்களுக்கு அடித்தது நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் டூக்கோ என்பார்கள். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கெட்டியாக ஒரு க்ளியர் கோட் இருக்கும். கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் அதில்தான் விழும். பழைய வண்டியில் கண்ணுக்குத் தெரிவது நிறமேதான், அதன் மேல் வேறு காப்பு இல்லை. ஐம்பது வருஷமாகப் பாலிஷ் போட்டுப் போட்டு அதுவும் மெலிந்திருக்கும். காலையில் கடலோரமாகப் போகும் ஈ.சி.ஆர். சாலை வழியாக ஓட்டிவந்த வண்டிமேல் நுண்மணல் படிந்திருக்கிறது. ஆசையாக ஒருவர் உள்ளங்கையால் தடவினால் அந்த மணலே கோடு போட்டுவிடும். ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் போடுகிற கோடு இன்னும் ஆழம். பித்தளை ரேடியேட்டர் வைத்த ஆரம்பகால வண்டிகளில் விரல் பட்ட இடம் வியர்வையில் கறுத்துப்போகும்.

என் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பானெட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்த ஒரே பெரிய துண்டு. முன்பக்கம் கீல் வைத்து மொத்தமாகத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அவ்வளவு வசதி. ஆனால் அது பெரிய, மெல்லிய தகடு. அதன்மேல் ஒரு குழந்தையை உட்காரவைத்தால் ஓரம் லேசாக வளைந்து, அப்புறம் கதவோரக் கோடு ஒத்துப்போகாது. அதைச் சரிசெய்ய டிங்கரிங் தெரிந்த ஆளைத் தேடிப்பிடிக்க வேண்டும், வேலை முடிய நாளாகும். இதை ஒரு அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். குழந்தையை உடனே தூக்கிவிடுவார். அது மட்டுமா, பக்கத்தில் வருகிறவரையும் அவரே தடுப்பார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் மைதானத்தில் என்ன இருக்கிறது? 'தொடாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் மட்டும் ஒரு சின்ன அட்டை, வைப்பர் கம்பிக்கு அடியில் செருகியிருக்கும். அதைக் கடந்து யாராவது கை வைத்தால் விசில் ஊதுகிற செக்யூரிட்டி. காரணம் சொல்ல ஒருவரும் இல்லை. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிற ஆயிரக்கணக்கான பேரிடம் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிக்காட்ட முடியாதா? ஏன் தொடக்கூடாது என்று மூன்று வரி, பெரிய எழுத்தில், நுழைவாயிலிலேயே வையுங்கள். அந்த வண்டி எந்த வருஷத்தியது, யார் தயாரித்தது, எதற்காக அதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு பலகை வையுங்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கார் எதற்காக அங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், கை தானாகப் பின்னால் போய்விடும்.

கூடவே இன்னொன்றும் செய்யலாம். தொடுவதற்கென்றே இரண்டு மூன்று வண்டிகளை ஒதுக்குங்கள். ஒரு அம்பாசடர், ஒரு பிரீமியர் பத்மினி போதும். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் போடுவது எப்படி என்று பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்கட்டும். பின்சீட்டில் குடும்பமாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஆசை தீர்ந்தால் மற்ற வண்டிகளைக் கண்ணால் பார்ப்பார்கள். அப்படி ஒரு வண்டி கிடைக்கவில்லை என்றால் என் ஹெரால்டின் பின்சீட்டைத் தருகிறேன். பானெட்டைத் தவிர.

விலை கேட்பது, மைலேஜ் கேட்பது, 'வண்டி ஓடுமா சார்?' என்று கேட்பது. இவை எரிச்சல் பட்டியலில் சேர்வதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு மனிதர் வெயிலில் நின்று ஒரு வண்டியைப் பார்த்து, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்கிறார். பதில் சொன்னால் அடுத்த கேள்வி நல்ல கேள்வியாக வரும். 'எங்க பெரியப்பா இதே வண்டி வச்சிருந்தார்' என்று தொடங்குகிறவர்களைக் கண்டால் ஒதுங்கிப்போகிற உரிமையாளர்களை எனக்குத் தெரியும். எனக்கு அவர்கள்தான் வேண்டும். எந்த நிறத்தில் இருந்தது, சீட்டுக்கு எந்த ரெக்சின், டிக்கியில் என்ன வைப்பார்கள், திருச்சி போக எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினார்கள் என்றெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயங்கள் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அந்தப் படத்தில் அசல் ஹப்கேப் எப்படி இருந்தது என்று தெரியும். இன்று அதுதான் எங்களுக்கு ஆவணம்.

இதை எழுதும்போது ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கண்காட்சியில் வயதான ஒருவர் என் வண்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அப்புறம் கயிற்றுக்கு மேலே குனிந்து, பானெட்டின் பக்கவாட்டுக் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்தார். தன்னார்வலர் சட்டை போட்ட ஒரு பையன் வந்து அவரைக் கடுமையாக அதட்டினான். அவர் ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். நான் ஓடிப்போய்ப் பேசினேன். ஸ்டாண்டர்ட் மோட்டாரில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் அவர். என் வண்டியை அவரே தொட்டு வேலை செய்திருக்கலாம். எண்பதுகளின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றுபோனது. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருக்க வேண்டியது நாம். உங்கள் மேடைக்கு யாரை அழைப்பது என்று அடுத்த முறை யோசிக்கும்போது இவர்களில் ஒருவரையாவது கண்டுபிடித்து அழையுங்கள். அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேடை என்றதும் தலைமை விருந்தினர் விஷயத்துக்கு வருகிறேன். கார்களுக்குப் பார்வையாளர்களால் வருகிற சேதத்தைவிடப் பெரிய சேதம் இதனால் வருகிறது.

அழைப்பிதழில் காலை எட்டு மணிக்குக் கொடியசைப்பு என்று இருக்கும். ஏழு மணிக்கே எல்லா வண்டிகளையும் வரிசையில் நிறுத்தச் சொல்வீர்கள். விருந்தினர் வர ஒன்பதரை, பத்து ஆகும். 'இதோ வந்துட்டார், ஸ்டார்ட் பண்ணுங்க' என்று ஒலிபெருக்கியில் சொல்வீர்கள், நாங்களும் ஸ்டார்ட் செய்வோம். அப்புறம் பொன்னாடை, உரை, குத்துவிளக்கு. அதுவரை ஐம்பது அறுபது வண்டிகள் வெயிலில் ஐடிலிங்கில் நின்றுகொண்டிருக்கும்.

பழைய வண்டிக்கு ஓடுவது சிரமமில்லை, நிற்பதுதான் சிரமம். ரேடியேட்டர் விசிறி என்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வண்டி நகராததால் எதிர்க்காற்றும் கிடையாது. ஆஸ்டின் செவன், ஃபோர்டு மாடல் டி போன்ற வண்டிகள் பெரும்பாலானவற்றில் தண்ணீர் பம்ப்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்கிற இயற்கையை நம்பியே அவற்றைச் செய்தார்கள். அதுவும் குளிர்நாட்டுக்கு. ஏ.சி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்கிற பெட்ரோல் பம்ப், சூடான என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். வெப்பம் ஏற ஏற அதற்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது, வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் இந்தத் தொல்லை இன்னும் கூடியிருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கும் டயாஃப்ரத்துக்கும் எத்தனால் ஆகாது என்பது தனிக்கதை. டைனமோ வைத்த வண்டியில் ஐடிலிங்கில் பேட்டரி சார்ஜ் ஏறாது. ஆக, கொடி அசையும் நேரத்தில் கால்வாசி வண்டிகள் கொதித்துப்போய் நிற்கும். கூட்டத்தில் யாராவது 'பழைய வண்டின்னா இப்படித்தான், தள்ளிட்டே போகணும்' என்பார்கள். இரண்டு மாதம் உழைத்து வண்டியைத் தயார் செய்தவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டிருந்தால் மாமல்லபுரம் வரை நிற்காமல் போயிருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. புறப்படும் நேரத்தை ஆறரை மணிக்கு வைத்து, யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் கிளப்பிவிடுங்கள். விருந்தினரை அணிவகுப்பு முடிகிற இடத்துக்கு அழையுங்கள். ஓடி முடித்து வந்த வண்டிகள் நிழலில் நிற்க, அவர் நிதானமாகச் சுற்றிப் பார்க்கட்டும், பேசட்டும், பரிசு கொடுக்கட்டும். அவருக்கும் அது கூடுதல் மரியாதை. கண்காட்சி முழுக்க நிறுத்திவைப்பது என்றால் மரநிழல் உள்ள இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பந்தல் போடுங்கள். சென்னை வெயில் உச்சிவேளையில் ஒரு மர டேஷ்போர்டை என்ன செய்யும் என்பது, சங்கத்தை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களிடமும் வண்டிகள் இருக்கின்றன.

அணிவகுப்பு ஓடும்போது ஒரு கவலை. கார்கள் வரிசையாகப் போகும்போது படம் எடுப்பதற்காகப் பைக்குகள் இடையில் புகுந்து, முன்னால் போய், சட்டென்று வேகத்தைக் குறைக்கின்றன. எங்கள் வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் குழாய் ஒரே சுற்று. அது விட்டால் மொத்தமும் விட்டது. இன்றைய கார் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. போக்குவரத்துக் காவலர்களிடம் முன்கூட்டியே பேசி, முன்னும் பின்னும் ஒரு வண்டி விடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதை வேண்டுகோளாகச் சொல்லவில்லை, கட்டாயம் செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

அடுத்து மெக்கானிக்குகள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட மனதைச் சுடுகிற விஷயம் இது.

ஒரு பழைய கார் ஓடி வந்து உங்கள் மைதானத்தில் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு மெக்கானிக், ஒரு டிங்கர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு லேத்காரர் இருக்கிறார்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்து, கிடைக்காத உதிரிபாகத்துக்குப் பக்கத்து மாடல் ஒன்றின் பாகத்தை வாங்கி, லேத்தில் கடைந்து பொருத்துகிறவர்கள். என்ஜினில் தீப்பொறி விழும் நேரத்தை முடிவுசெய்கிற பிளாட்டினம் பாயிண்டை உரசிச் சமன்செய்து இடைவெளி வைப்பதும், கார்புரேட்டர் சுருதியைக் காதால் கேட்டே ஸ்க்ரூ திருப்புவதும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கிற சர்வீஸ் சென்டரில் இதைக் கற்றுத்தருவதில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்களுக்கு அறுபது எழுபது வயது ஆகிறது. அவர்கள் போய்விட்டால் நம் வண்டிகள் வீட்டு முற்றத்தில் பொம்மையாக நிற்கும்.

அந்த மனிதர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எங்களோடு வருகிறார்கள். வண்டி நின்றால் கீழே படுத்து வேலை பார்க்கிறார்கள். மதியம் உணவு என்று வரும்போது உரிமையாளர் குடும்பங்களுக்குக் குளிர்சாதன ஹாலில் பஃபே. மெக்கானிக்குகளுக்கும் டிரைவர்களுக்கும் பார்க்கிங் ஓரத்தில் பொட்டலம். சில இடங்களில் அதுவும் இல்லை. கழிப்பறைக்கு அவர்களை உள்ளே விடாத இடமும் பார்த்திருக்கிறேன். என்னோடு வருகிற மெக்கானிக் அண்ணன் என் அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்ப்பவர். அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய்ச் சாப்பிட முடியுமா? கைப்பட்டை வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்கிறார்கள். வண்டிக்கு இரண்டு பட்டை என்று கணக்கு வைத்து, அது குடும்பத்துக்கு என்கிறார்கள். வண்டிக்கு மூன்றாவது பட்டை ஒன்று சேர்ப்பதில் உங்களுக்குப் பெரிய செலவு ஆகாது.

பரிசளிப்பிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. 'மிகச் சிறந்த மறுசீரமைப்பு' என்ற கோப்பையை உரிமையாளர் கையில் கொடுக்கிறீர்கள். அதைச் செய்த கை கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறது. இருவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். மெக்கானிக்குகளுக்கென்றே தனிப் பரிசு வையுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்களை அழைத்து, ஒரு மணி நேரம் ஒரு மூத்த மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக் கோர்த்துக் காட்டட்டும். மைதானத்தில் அதற்குக் கூடுகிற கூட்டம் வேறு எதற்கும் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பரிசு என்றால் தீர்ப்பு முறையையும் பேசத்தான் வேண்டும். பளபளப்புக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். அசலுக்குப் போடுவதில்லை. மெட்டாலிக் பெயிண்ட் அடித்து, அலாய் வீல் மாட்டி, ஏ.சி. வைத்த அம்பாசடர் ஒன்று கோப்பை வாங்கியதை நான் பார்த்தேன். அதே வரிசையில், தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் மங்கிப்போய், அசல் சீட்டுத் துணி லேசாகக் கிழிந்து, முதல் உரிமையாளரின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒரு ஃபியட் 1100 நின்றது. நடுவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். 'கொஞ்சம் பெயிண்ட் அடிச்சிட்டு அடுத்த வருஷம் கொண்டாங்க' என்று ஒருவர் அறிவுரையும் சொன்னார். அந்த அறிவுரையை நம்பி அந்த உரிமையாளர் பெயிண்டைச் சுரண்டிவிட்டால், அப்புறம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது திரும்ப வராது. வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், அசலாக அது ஒரு தடவைதான் இருக்கும்.

உலகம் முழுக்க உள்ள பழைய வாகன மன்றங்களின் கூட்டமைப்பான ஃபிவா 1966 முதல் இயங்குகிறது. அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: முதலில் பாதுகாப்பது, அது முடியாதபோதுதான் புதுப்பிப்பது, வண்டியின் வயதும் அது வாழ்ந்த தடயங்களும் அதன் வரலாற்றின் பகுதி, செய்த மாற்றங்களை எழுதிவைக்க வேண்டும். பெரிய நாடுகளின் கண்காட்சிகளில் அசலாகப் பாதுகாத்த வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம்மிடமும் ஒன்று தொடங்குங்கள். நடுவர்கள் எதற்கு எத்தனை மதிப்பெண் போடுகிறார்கள் என்ற தாளை முன்கூட்டியே எங்களுக்குக் கொடுங்கள். முடிந்ததும் எங்கள் வண்டிக்கு எங்கே குறைந்தது என்று சொல்லுங்கள். கோப்பை கிடைக்காததற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காரணம் தெரியாததால்தான் மனஸ்தாபம் வருகிறது, குழுக்கள் பிரிகின்றன.

தெரியாமல் குறைக்கிற மதிப்பெண் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டின் உடம்பு, சேசிஸ் மேல் தனித்தனித் துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைத்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் முன்பின் இருக்கும். புதிதாக வந்தபோதே அப்படித்தான் இருந்தது. அதைக் குறை என்று எழுதினால், அடுத்த வருஷம் ஒருவர் ஈயமோ பட்டியோ வைத்து அடைத்துக்கொண்டு வருவார். நடுவராக வருகிறவருக்கு அந்த வண்டியைப் பற்றி ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

பிரிவுகளும் குழப்பமாக இருக்கின்றன. 1934-ம் வருஷ ஆஸ்டினும் 1969-ம் வருஷ ஹெரால்டும் ஒரே பிரிவில் போட்டி போடுகின்றன. ஃபிவாவின் வயதுப் பிரிவுகள், 1919 முதல் 1930 வரை, 1931 முதல் 1945 வரை, 1946 முதல் 1960 வரை, 1961 முதல் 1970 வரை என்று தெளிவாக இருக்கின்றன. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் தயாரான வண்டிகளுக்கென்று தனிப் பிரிவும் வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கண்கலங்குவது ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்து அல்ல, தாங்கள் ஏறிப்போன அம்பாசடரைப் பார்த்துத்தான். ஆனால் அம்பாசடர்கள் எப்போதும் கழிப்பறைப் பக்கத்துக் கடைசி வரிசையில் நிறுத்தப்படுகின்றன.

வேறு சில எரிச்சல்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரதாரர் தேவை என்பது புரிகிறது. அதற்காக நடுமைதானத்தைப் புது கார்களுக்குக் கொடுத்துவிட்டு, பேசினால் காதில் விழாத அளவுக்கு டி.ஜே. வைக்காதீர்கள். வண்டிகளைப் பற்றித் தெரிந்த மூத்தவர்கள் அந்தச் சத்தத்தில் அரைமணியில் கிளம்பிவிடுகிறார்கள். 'இது மகாராஜா ஓட்டிய கார்' என்று ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன், சேசிஸ் எண்ணையும் பதிவுப் புத்தகத்தையும் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். என்னைப் போன்ற உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர் வண்டியைச் சுற்றிவந்து, அவர் குடும்பத்தின் முன்னாலேயே 'இந்த நட்டு தப்பு, அந்த விளக்கு வேற மாடல்' என்று உரக்கச் சொல்லாதீர்கள் என்று. முதன்முதலாக ஒரு ஸ்டாண்டர்ட் டென் காரை வாங்கிக் கையிலிருந்த காசையெல்லாம் போட்டுக் கொண்டுவந்த இளைஞன், அப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு மறுபடி வரவே இல்லை. அந்த நட்டு எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இன்று அவன் நம்மோடு இருந்திருப்பான்.

இவ்வளவும் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, அசல் அமைப்பு மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவாகிற வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும்; ஏற்கெனவே பதிவான வண்டி அந்தக் காலத்து மெட்ராஸ் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் சாலைக்கு வரலாம். அதாவது இந்த வண்டிகள் மக்கள் கண்ணில் படுகிற இடமே பெரும்பாலும் உங்கள் மைதானம் என்றாகிவிட்டது. அதனால்தான் இதை எங்களுக்குள் புலம்பி முடிக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த விதியையே பல உரிமையாளர்கள் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மேசை போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலக நடைமுறை தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால் பெரிய உதவியாக இருக்கும். எத்தனால் பெட்ரோலுக்கு எந்தக் குழாய், எந்த வாஷர் மாற்ற வேண்டும் என்பதையும் அதே மேசையில் சொல்லலாம்.

அடுத்த கண்காட்சிக்கான நுழைவுப் படிவத்தை இன்னும் சில வாரங்களில் அச்சடிப்பீர்கள். அதில் வண்டியின் பெயர், வருஷம், உரிமையாளர் பெயர் என்று கட்டங்கள் இருக்கும். அதற்குக் கீழே 'இந்த வண்டியைப் பராமரிப்பவர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். அவருக்கும் ஒரு கைப்பட்டை கொடுங்கள். தன்னார்வலர்களுக்கு ஒரு மாலை நேரம் வகுப்பு எடுக்கவும், தமிழ்ப் பலகைகளுக்கு வாசகம் எழுதித்தரவும் நான் தயார். என்னைப் போல இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள், எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உரிமையாளர்,
சென்னை